கடற்பஞ்சை உற்றுநோக்கியவர்: பேராசிரியர் ராபர்ட் கிராண்ட்

பாத்திரம் துலக்கும் பஞ்சை நாம் அனைவரும் அறிவோம். இன்று கடைகளில் விற்பது பெரும்பாலும் ஆலையில் செய்த செயற்கைப் பஞ்சு. அதற்கு முன்மாதிரியான இயற்கைப் பஞ்சு கடலடியில் வளர்வது. பண்டைய கிரேக்கர் காலம் தொட்டே மக்கள் அதைக் குளிக்கவும் துடைக்கவும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆனால், கையில் பிடித்திருக்கும் அந்தப் பொருள் செடியா, விலங்கா என்ற கேள்விக்கு மட்டும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக உறுதியான விடை கிடைக்கவில்லை. அதற்கு வாய் இல்லை, கண் இல்லை, கை கால் இல்லை. பாறையில் பாசிபோல ஒட்டிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை விலங்கு என்று யார்தான் நம்புவார்கள்?

அந்தக் கேள்விக்கு விடை தேடி, குளிர்கடலின் ஓரத்தில் பல குளிர்காலங்களைக் கழித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் எட்மண்ட் கிராண்ட். சார்ல்ஸ் டார்வினின் ஆசிரியர் என்று ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுப் பல நூல்கள் இவரைக் கடந்து போய்விடுகின்றன. அந்த ஒரு வரிக்கு அப்பால் இவருடைய வாழ்க்கையில் மாணவர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டியவை பல உள்ளன.

இளமையும் கல்வியும்

கிராண்ட் 1793ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பெரிய குடும்பம், அதில் இவர் ஏழாவது மகன். எடின்பரோ உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1814இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வேட்டில் எராஸ்மஸ் டார்வினின் நூலை எடுத்தாண்டிருந்தார். அந்த எராஸ்மஸ் டார்வினின் பேரன் பின்னாளில் தம்மிடமே மாணவராக வந்து சேர்வார் என்பதை அன்று அவர் அறிந்திருக்க முடியாது.

பட்டம் பெற்றதும் மருத்துவத் தொழிலில் இறங்கிப் பொருளீட்டுவதே அக்கால வழக்கம். கிராண்ட் அந்த வழியில் செல்லவில்லை. குடும்பச் சொத்தில் தமக்குக் கிடைத்த பங்கைச் செலவழித்து, 1815 முதல் 1820 வரை பிரான்சு, இத்தாலி, ஜெர்மனி என ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி வந்தார். பாரிஸ் நகரில் விலங்குகளின் உடலமைப்பை ஒப்பிட்டு ஆராயும் கலையைக் கற்றார். உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற லமார்க்கின் கருத்தும் அங்கேதான் அவர் மனத்தில் வேரூன்றியது. சமயத் தலைவர்களும் கற்றோரும் அக்கருத்தை வெறுத்த காலம் அது. அந்த வெறுப்புக்குப் பின்னாளில் இவரும் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

குளிர்கடலின் ஓரத்தில்

எடின்பரோவுக்கு அருகே ஃபோர்த் ஆறு வடகடலில் கலக்கும் அகன்ற கழிமுகம் உள்ளது. அதன் தென்கரையில் பிரஸ்டன்பான்ஸ் என்றோர் ஊர். அங்கே கடலை ஒட்டிய ஒரு வீட்டில் கிராண்ட் குளிர்காலங்களில் தங்கினார். நம் நாட்டில் கடற்கரை என்றால் வெயிலும் தென்னையும் நினைவுக்கு வரும். அந்தக் கரையோ வேறு வகை. உறைய வைக்கும் வாடைக்காற்று, வழுக்கும் கரும்பாறை, கையை மரத்துப்போகச் செய்யும் தண்ணீர். கடல் மிகவும் வற்றும் நேரம் பார்த்து அவர் பாறைகளுக்கு இடையே இறங்குவார். பாறையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சுகளைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து, கடல்நீர் நிரப்பிய பாத்திரத்தில் இட்டு, உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவருவார்.

உயிரோடு என்பதே இங்கு முக்கியம். அதுவரை கடற்பஞ்சைப் பற்றி எழுதியவர்களில் பலர் உலர்ந்த பஞ்சை மேசைமேல் வைத்து ஆராய்ந்தவர்கள். உலர்ந்த பஞ்சு ஓர் எலும்புக்கூடு. அதைப் பார்த்து உயிரின் செயலை அறிய இயலாது. விதிவிலக்காக, 1765ஆம் ஆண்டில் ஜான் எல்லிஸ் என்பவர் உயிருள்ள பஞ்சை ஆராய்ந்து, அதன் துளைகளில் நீர் அசைவதைக் கண்டு, அது விலங்காகத்தான் இருக்க வேண்டும் என்று கூறியிருந்தார். ஆயினும், ஒரே துளையே நீரை இழுக்கவும் வெளியேற்றவும் செய்கிறது என்று அவர் கருதிவிட்டார்.

ஐந்து மணி நேரம்

கிராண்ட் செய்த சோதனை மிக எளிமையானது. ஒரு சிறிய கடற்பஞ்சைக் கடல்நீரோடு குழிவான கடிகாரக் கண்ணாடியில் இட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பஞ்சின் மேலிருந்த பெரிய துளை ஒன்றைப் பார்வைக்குக் கொண்டுவந்து காத்திருந்தார். அப்போது அந்தத் துளையிலிருந்து, சிறு ஊற்று பொங்குவது போல, நீர் வேகமாகப் பாய்ந்து வெளியேறியது. நீரோடு கழிவுத் துகள்களும் சுழன்று வந்தன.

ஒருமுறை கண்டதோடு அவர் எழுந்துவிடவில்லை. நீரோட்டம் எப்போதாவது திசை மாறுகிறதா என்பதை அறிய வேண்டும். எல்லிஸ் சொன்னது சரியென்றால், அதே துளை சற்று நேரத்தில் நீரை உள்ளே இழுக்க வேண்டும் அல்லவா? இருபத்தைந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். கண் களைத்துப்போனது. சற்று ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் பார்த்தார். இப்படியே இடைவெளி விட்டு ஐந்து மணி நேரம் அதே துளையைக் கவனித்தார். நீர் ஒருமுறைகூடத் திசை மாறவில்லை.

அப்படியானால் நீர் எந்த வழியாக உள்ளே போகிறது? பஞ்சின் மேற்பரப்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதை அவர் கண்டார். நுண்துளைகள் வழியே நீர் உள்ளே நுழைகிறது; உடலுக்குள் உள்ள கால்வாய்களில் ஓடுகிறது; உணவும் உயிர்வளியும் பெறப்பட்ட பின் பெருந்துளை வழியே வெளியேறுகிறது. கடற்பஞ்சின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒருவழி நீரோட்டத்தில் அடங்கியிருக்கிறது. நீரை ஓட்டும் கசையிழைகளைப் பஞ்சின் உடலுக்குள் அவரால் காண முடியவில்லை. பிற்காலத்தில் மேம்பட்ட நுண்ணோக்கிகளைக் கொண்டு மற்றவர்கள் அவற்றைக் கண்டார்கள்.

பாறையிலிருந்து பிடுங்க முயன்றால் பஞ்சு சுருங்கிக்கொள்கிறது என்ற செய்தி அரிஸ்டாட்டில் காலம் முதல் சொல்லப்பட்டு வந்தது. கிராண்ட் பஞ்சைக் குத்தியும் கிழித்தும் பார்த்தார். அவர் ஆராய்ந்த பஞ்சுகள் சுருங்கவில்லை. ஆனால், வேறோர் அசைவை அவர் கண்டார். பஞ்சிலிருந்து பிரிந்து வரும் நுண்ணிய இளவுயிர்கள் தம் உடல்மேல் உள்ள மெல்லிழைகளை அசைத்துச் சிறிது காலம் நீந்துகின்றன. பின்னர் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு பஞ்சாக வளர்கின்றன. அசையாப் பொருள் என்று கருதப்பட்ட உயிர், தன் வாழ்வின் தொடக்கத்தில் நீந்தித் திரிகிறது!

ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரித்தறியவும் அவர் வழி கண்டார். கடற்பஞ்சின் உடலைத் தாங்குபவை நுண்முட்கள். அவற்றை அமிலத்தில் இட்டால், சுண்ணாம்பால் ஆனவை நுரைத்துக் கரைந்துவிடும். மணற்சத்தான சிலிக்காவால் ஆனவை அப்படியே இருக்கும். பிறகு முள்ளின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கடற்பஞ்சின் புற உருவமும் நிறமும் இடத்துக்கு இடம் மாறக்கூடியவை. நுண்முட்களே நம்பத்தக்க அடையாளம். இன்றும் கடற்பஞ்சு ஆய்வாளர்கள் இனத்தை அறிய முதலில் நுண்முட்களையே பார்க்கிறார்கள்.

இந்த ஆய்வுகளை 1825 முதல் 1827 வரை எடின்பரோ அறிவியல் இதழ்களில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். 1828இல் ஜான் ஃபிளெமிங் என்ற விலங்கியலாளர் சுண்ணாம்புப் பஞ்சுகளின் ஒரு பேரினத்துக்குக் கிராண்டியா என்று பெயரிட்டு இவரைச் சிறப்பித்தார்.

சிப்பிக்குள் மறைந்திருந்த உயிர்

ஃபோர்த் கழிமுகம் அக்காலத்தில் சிப்பிகளுக்குப் பெயர் பெற்றது. பிரஸ்டன்பான்ஸ் மீனவர்கள் சிப்பிகளை அள்ளி வந்து எடின்பரோ சந்தைக்கு அனுப்புவார்கள். சில சிப்பி ஓடுகளில், ஊசியால் குத்தியது போன்ற வட்டத் துளைகள் இருக்கும். அவற்றை உடைத்தால் ஓட்டின் உட்புறம் தேன்கூடு போல அரிக்கப்பட்டிருக்கும். பலரும் தினந்தோறும் பார்த்த காட்சிதான்.

கிராண்ட் அத்தகைய ஓடுகளைக் கடல்நீரில் இட்டு, கலக்காமல் விட்டுவைத்தார். துளைகளிலிருந்து மஞ்சள் நிறச் சிறு குமிழ்கள் மெல்ல வெளியே நீண்டன. தொட்டால் மெதுவாக உள்ளிழுத்துக்கொண்டன. ஓட்டின் அறைகளில் இருந்த மஞ்சள் சதையில், குண்டூசி வடிவிலான சிலிக்கா நுண்முட்கள் நிறைந்திருந்தன. 1826இல் இதைப் புதிய உயிரினமாக விவரித்து, கிளியோனா செலாட்டா என்று பெயரிட்டார். செலாட்டா என்ற இலத்தீன் சொல்லுக்கு மறைந்திருப்பது என்று பொருள். பொருத்தமான பெயர் அல்லவா?

இதில் அவர் தடுமாறிய இடமும் உண்டு. வெளியே நீண்டு சுருங்கும் அந்தக் குமிழ்களைக் கண்டு, இது முழுமையான கடற்பஞ்சு அன்று, மென்பவளத்தின் இயல்பும் கலந்த உயிர் என்று அவர் எண்ணினார். இது கடற்பஞ்சே என்பது பின்னர் தெளிவாயிற்று. அது ஓட்டை எப்படித் துளைக்கிறது என்பது நெடுங்காலம் விவாதமாகவே இருந்தது. பஞ்சின் சில செல்கள் சுண்ணாம்பைச் சுற்றிலும் கரைத்து, நுண்சில்லுகளாகப் பெயர்த்தெடுக்கின்றன என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டின. பெயர்ந்த சில்லுகள் கிராண்ட் கண்ட அதே நீரோட்டத்தோடு வெளியேறுகின்றன. சிப்பி வளர்ப்பவருக்கு இது தொல்லைதான். ஆயினும், இறந்த ஓடுகளையும் பவளப் பாறைகளையும் தூளாக்கிக் கடலுக்கே திருப்பித் தருவதும் இத்தகைய பஞ்சுகள்தாம்.

உலகின் பல கடல்களில் காணப்பட்ட ஒத்த உருவமுள்ள பஞ்சுகளுக்கெல்லாம் இதே பெயர் வழங்கப்பட்டு வந்தது. 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் மறைந்திருப்பதைக் காட்டியது. மறைந்திருப்பது என்ற பெயரை அந்தப் பஞ்சு இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

மாணவர் டார்வின்

1825 அக்டோபரில் 16 வயது சார்ல்ஸ் டார்வின் மருத்துவம் பயில எடின்பரோவுக்கு வந்தார். அறுவைச் சிகிச்சையைக் கண்டு அஞ்சி, வகுப்புகளில் சலித்துப்போன அந்த இளைஞருக்குக் கிராண்டின் நட்பு கிடைத்தது. இருவரும் கடற்கரையில் நடந்து உயிரினங்களைச் சேகரித்தார்கள். நுண்ணோக்கியின் கீழ் உயிருள்ளவற்றை எப்படிப் பார்ப்பது, கண்டதை எப்படிக் குறித்துவைப்பது என்பதை டார்வின் இவரிடம் கற்றார். ஒருநாள் நடந்துகொண்டிருக்கையில் கிராண்ட் லமார்க்கின் கொள்கையை வியந்து பேசியதையும், தாம் வாயடைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததையும் டார்வின் முதுமையில் நினைவுகூர்ந்து எழுதினார்.

இந்த நட்பில் ஒரு கசப்பும் நேர்ந்தது. ஃபிளஸ்ட்ரா என்னும் பாசி போன்ற கடலுயிரின் இளவுயிர்கள் மெல்லிழைகளால் நீந்துவதை டார்வின் கண்டறிந்தார். 1827 மார்ச் 27ஆம் நாள், மாணவர்கள் கூடும் பிளினியன் கழகத்தில் அதை அறிவித்தார். ஆனால், மூன்று நாள் முன்னதாக, மார்ச் 24ஆம் நாளே, கற்றறிந்தோர் கூடும் வெர்னேரியன் கழகத்தில் கிராண்ட் ஃபிளஸ்ட்ராவைப் பற்றிய தம் ஆய்வின் பகுதியாக அதனைப் படித்துவிட்டார். மாணவரின் பெயரை அவர் அங்கே சொல்லவில்லை. அதே ஆண்டில் வெளியிட்ட வேறொரு கட்டுரையில், சிப்பி ஓடுகளில் ஒட்டியிருந்த கருநிற உருண்டைகள் ஒருவகைக் கடல் அட்டையின் முட்டைகளே என்று கண்டவர் டார்வின் என அவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினார். ஓரிடத்தில் மறுத்த நன்றியை மற்றோரிடத்தில் செலுத்தினார் எனலாம். நல்லாசிரியரும் மனிதர்தாம். ஆய்வுக்கூடங்களில் பேராசிரியர்களோடு இணைந்து பணியாற்றும் நமக்கும், நாளை ஆசிரியர்களாகப் போகும் நமக்கும் இந்நிகழ்ச்சி ஒரு பாடமாகும்.

இலண்டன் வாழ்க்கை

சமய வேறுபாடின்றி அனைவருக்கும் கல்வி அளிக்க இலண்டனில் ஒரு புதிய பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் என வழங்கப்படுவது அதுவே. 1827இல் அதன் ஒப்பியல் உடற்கூறு, விலங்கியல் பேராசிரியராகக் கிராண்ட் நியமிக்கப்பட்டார். அங்கே அவருக்குக் கற்பிக்க மாதிரிகள் எதுவும் இல்லை. ஆகவே தாமே ஒன்றொன்றாகச் சேகரிக்கத் தொடங்கினார்.

தொடக்க ஆண்டுகளில் அவர் புகழ் உயர்ந்தது. 1833, 1834ஆம் ஆண்டுகளில் அவருடைய 60 விரிவுரைகளை லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. 1836இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு, கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் கடற்பஞ்சுகள் அனைத்தையும் தனியொரு பெரும்பிரிவாக்கி, அதற்குப் போரிஃபெரா என்ற பெயரை வழங்கினார். துளை தாங்கிகள் என்பது அதன் பொருள். நாம் பள்ளியில் துளையுடலிகள் என்று படித்தது இந்தப் பெயரின் தமிழாக்கமே.

பிறகு வாழ்க்கை திரும்பியது. பேராசிரியருக்கு வருமானம் மாணவர் செலுத்தும் கட்டணத்திலிருந்தே வந்தது. அவருடைய பாடமோ மருத்துவத் தேர்வுக்குக் கட்டாயமில்லை. வகுப்பில் மாணவர் குறைந்தால் வீட்டில் அடுப்பும் குறையும். இலண்டனில் மருத்துவம் பார்க்க மீண்டும் ஒரு தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டியிருந்தது. எடின்பரோவில் தகுதி பெற்ற தாம் மறுபடி தேர்வு எழுதுவதா என்று மறுத்துவிட்டார். உயிரினங்கள் மாறுகின்றன என்ற கொள்கையை வெளிப்படையாகக் கற்பித்ததால், ரிச்சர்ட் ஓவன் போன்ற செல்வாக்கு மிக்கவர்கள் அவரை எதிர்த்தார்கள். 1835இல் விலங்கியல் கழகத்தின் ஆட்சிக்குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அங்கிருந்து ஆய்வுக்குக் கிடைக்கக்கூடிய விலங்குகளும் கைநழுவிப் போயின.

ஆண்டுகள் செல்லச் செல்ல ஆய்வுக் கட்டுரைகள் நின்றன. திருமணம் செய்துகொள்ளாத அவர் எளிய வீடுகளில் தனியே வாழ்ந்தார். கல்லூரி ஒரு சிறு தொகை கொடுத்தது; நண்பர்களும் கூடி உதவினார்கள். இலண்டனுக்கு வந்த பின் கிராண்ட் அறிவியலில் மேலும் எதுவும் செய்யவில்லை என்றும், அதன் காரணம் தமக்கு விளங்கவில்லை என்றும் டார்வின் பின்னர் எழுதினார். செல்வக் குடும்பத்தில் பிறந்து, சம்பளத்துக்காக ஒருநாளும் உழைக்கத் தேவையில்லாதிருந்த ஒருவருக்கு அது விளங்காமல் போனதில் வியப்பில்லை.

ஆயினும், கிராண்ட் தம் கடமையில் தவறவில்லை. 1828 முதல் 1874 வரை 46 ஆண்டுகளில் ஒரு விரிவுரையைக்கூட அவர் தவறவிட்டதில்லை என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. நாகரிகம் மாறிய பின்னும் பழைய வால்கோட்டு அணிந்து வகுப்புக்கு வருவார். அவருடைய நம்பிக்கையும் மாறவில்லை. டார்வின் தம் புகழ்பெற்ற நூலின் 1861ஆம் ஆண்டுப் பதிப்பில், ஓர் இனம் மற்றோர் இனத்திலிருந்து தோன்றியது என்ற கருத்தை 1826ஆம் ஆண்டிலேயே நன்னீர்ப் பஞ்சு பற்றிய கட்டுரையில் கிராண்ட் எழுதியிருந்ததைக் குறிப்பிட்டார். அதே ஆண்டு கிராண்டும் தாம் வெளியிட்ட ஒரு சிறு நூலில் பழைய மாணவரைப் பாராட்டினார்.

1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், 80ஆம் வயதில், பேராசிரியர் பதவியில் இருக்கும்போதே கிராண்ட் இலண்டனில் காலமானார். தம் நூல்களையும் சேகரிப்புகளையும் கல்லூரிக்கே எழுதி வைத்திருந்தார்.

அவர் விட்டுச் சென்றவை

மாதிரிகள் இல்லாத வகுப்பறைக்காக அவர் தொடங்கிய சேகரிப்பு இன்று கிராண்ட் விலங்கியல் அருங்காட்சியகமாக இலண்டனில் நிற்கிறது. அதில் ஏறத்தாழ 68,000 மாதிரிகள் உள்ளன. அவர் நடந்த ஃபோர்த் கழிமுகத்தில் சிப்பிகள் அளவுக்கு மீறி அள்ளப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் அற்றுப்போயின. அண்மை ஆண்டுகளில் அங்கே சிப்பிகளை மீண்டும் குடியேற்றி வருகிறார்கள்.

நமக்கு மிக அருகிலும் அவருடைய சுவடு ஒன்று உண்டு. 1820களின் தொடக்கத்தில் ஹார்ட்விக் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, சிங்கப்பூர்க் கரையோரம் காணப்பட்ட கிண்ண வடிவப் பெருங்கடற்பஞ்சு ஒன்றை விவரித்தார். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியாகப் பயன்படுத்தும் அளவுக்கு அது பெரியது. நெப்டியூன் கிண்ணம் என்று பெயர் பெற்ற அதை அருங்காட்சியகங்களுக்காகவும் அழகுப் பொருளாகவும் அள்ளிச் சென்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிறகு சிங்கப்பூர்க் கடலில் அதைக் கண்டவர் இல்லை. அழிந்தே போயிற்று என்று கருதினார்கள். 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே முக்குளித்த உயிரியலாளர்கள் அதை உயிரோடு கண்டார்கள். அதன் அறிவியல் பெயர் கிளியோனா பட்டேரா. ஸ்காட்லாந்தின் குளிர்கடலில், ஒரு சிப்பி ஓட்டுக்குள் மறைந்திருந்த மஞ்சள் உயிருக்குக் கிராண்ட் சூட்டிய அதே பேரினப் பெயரை நம் வெப்பக்கடலின் பெருங்கிண்ணமும் தாங்கி நிற்கிறது.

பட்டமும் பதவியும் பணமும் கிராண்டுக்குப் போதிய அளவு கைகொடுக்கவில்லை. ஆனால், பலரும் பார்த்துவிட்டுக் கடந்துபோன ஒரு துளையை அவர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அதனால் உலகம் ஒரு பெரும்பிரிவு உயிர்களை அறிந்துகொண்டது. அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துளையிட்ட சிப்பி ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்தத் துளைகளில் ஒருகாலத்தில் இத்தகைய கடற்பஞ்சு ஒன்று குடியிருந்திருக்கலாம்.